மிதிவண்டியின் கியர் ஒயர்: ஒரு பழுதின் வரலாறு

கியர் ஒயர் என்பது மிதிவண்டியின் ஹேண்டில்பாரில் உள்ள கியர் மாற்றியையும், பின்சக்கரத்தின் அருகே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டீரெய்லர் என்ற கருவியையும் இணைக்கும் மெல்லிய எஃகு ஒயராகும். இது 'அவுட்டர்' எனப்படும் உறைக்குள் ஓடுகிறது. துருவாலும் தூசியாலும் ஒயர் உறைக்குள் இறுகிக்கொள்வது கியர் சைக்கிளுக்கு வரும் பழுதுகளில் மிகச் சாதாரணமானது. ஆனால் சிவகங்கை மாவட்டத்துக் காளையார்கோவில் போன்ற ஊர்களில், 21 கியர் கொண்ட ஒரு சைக்கிள் ஒரே பல்லில் மாட்டிக்கொண்டு ஓடுவதற்கும், பிறகு வீட்டின் பின்புறத்தில் சாய்த்து வைக்கப்படுவதற்கும் இந்தச் சின்னப் பழுதே போதுமானதாக இருக்கிறது. புது ஒயரின் விலை பெரிதில்லை. பழக்கம்தான் இல்லை. நம் ஊர்ச் சைக்கிள் கடைகளின் கைவேலை, ஒயரே இல்லாத ஒரு வண்டியைச் சுற்றி வளர்ந்தது என்பதே இதற்குக் காரணம்.

ஒயரும் உறையும்

உறைக்குள் ஓடும் ஒயரால் விசையைக் கடத்தும் முறைக்கு 1896ஆம் ஆண்டில் எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். இன்றும் அதை 'பௌடன் கேபிள்' என்றே பொறியாளர்கள் அழைக்கின்றனர். தத்துவம் எளியது. உள்ளே இருக்கும் ஒயரை இழுக்கலாம். வெளியே இருக்கும் உறை சுருங்கக்கூடாது. உறை சுருங்காமல் இருக்கும்வரை, எந்த வளைவைச் சுற்றிச் சென்றாலும் ஒரு முனையில் இழுத்த அளவு மறுமுனையில் கிடைக்கும்.

ராலே சைக்கிள் நிறுவனத்தை நடத்திய ஃபிராங்க் பௌடன் வேறொருவர். பெயர் ஒன்றாக இருப்பதால் இருவரையும் ஒருவராகக் கருதுவது பல நூல்களில் உண்டு. ஃபிராங்க் பௌடனின் ஆதரவில் 1902இல் நாட்டிங்காமில் தொடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம், பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே மூன்று கியர்களை அடக்கிய ஹப்பை உலகெங்கும் பரப்பியது. அந்த ஹப்பின் ஒயர் பெரும்பகுதி உறையின்றியே சட்டத்தின் மேல் ஓடியது. திரும்பும் இடத்தில் ஒரு சிறு உருளை இருந்தது. உறை எங்கே குறைவோ அங்கே இறுகுவதும் குறைவு.

ஒயர் இல்லாத வண்டி

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி இந்தியாவில் சைக்கிள் உற்பத்தி வேகம் பிடித்தது. காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரைப் பூர்வீகமாகக் கொண்ட முருகப்பா குடும்பத்தினர், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். சென்னையை அடுத்த அம்பத்தூரில் அதன் ஆலை அமைந்தது. ஹெர்குலஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்ற பெயர்கள் தமிழகத்துக் கிராமங்களில் வீட்டுப் பெயர்களாகவே ஆயின. அதே டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் 1960இல் ராலேயை வாங்கியபோது, ஸ்டர்மி-ஆர்ச்சரும் அதனுடன் வந்து சேர்ந்தது. ஆக, செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் ஆங்கிலேயக் கூட்டாளியிடம் உலகின் புகழ்பெற்ற கியர் ஹப் இருந்தது. ஆனால் இங்கே பெருமளவில் விற்ற வண்டியில் கியர் இடம்பெறவில்லை.

28 அங்குலச் சக்கரமும் கனத்த சட்டமும் கொண்ட அந்த வண்டியில் பிரேக்கும் ஒயரால் இயங்கவில்லை. கைப்பிடியிலிருந்து எஃகுக் கம்பிகள் முட்டு முட்டாக இறங்கி, ரிம்மின் உட்பக்கத்தை நோக்கிப் பிரேக் கட்டையை இழுத்தன. இந்தக் கம்பி பிரேக்கின் அருமை, அதில் மறைவாக எதுவும் இல்லை என்பதுதான். வளைந்தால் கண்ணுக்குத் தெரியும், பிளேயரால் நிமிர்த்தலாம். நட்டு தளர்ந்தால் முடுக்கலாம், துருப்பிடித்தால் மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விடலாம். வருடத்துக்கு ஒருமுறை 'ஓவராயில்' செய்தால் வண்டி இரண்டு தலைமுறைக்கு ஓடும். எதையும் தூக்கி எறியாமல் சரிசெய்வதே இந்தக் கடைகளின் அறமும் திறமையும் ஆனது. சமதளமான சிவகங்கைச் சீமையில், நெல்மூட்டையோ பால்கேனோ ஏற்றிக் கண்மாய்க் கரையில் செல்பவருக்கு ஒரு கியரே போதுமானதாகவும் இருந்தது.

பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பல்லாயிரம் பெண்களைச் சைக்கிள் ஓட்டவைத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே பலரும் ஓட்டியதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். அந்தப் பெரிய மாற்றமும் கியர் இல்லாத வண்டியில்தான் நடந்தது. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டியும் கியர் இல்லாததே.

ஸ்கூட்டர் வழியாக வந்த பாடம்

கியர் ஒயரை மாற்றும் வேலை நம் ஊர்களுக்குச் சைக்கிள் வழியாக வரவில்லை. லாம்பிரெட்டா ஸ்கூட்டரிலும், 1972இல் அறிமுகமான பஜாஜ் சேத்தக்கிலும் இடது கைப்பிடியைத் திருகினால் கியர் மாறும். அந்தத் திருகலை எஞ்சினுக்குக் கொண்டுசேர்ப்பவை இரண்டு கியர் ஒயர்கள். ஒன்று இழுக்கும்போது மற்றொன்று விட்டுக்கொடுக்கும். இவை அறுவதும் இறுகுவதும் வழக்கமாதலால், ஒயரை 'மாற்ற வேண்டிய சாமான்' என்று முதலில் ஏற்றுக்கொண்டவர்கள் ஸ்கூட்டர் மெக்கானிக்குகள். உறையையும் சேர்த்து மாற்றும்போது, பழையதன் முனையில் ஒரு மெல்லிய கம்பியைக் கட்டி இழுத்து, அந்தக் கம்பியைப் பிடித்தே புதியதை வண்டியின் உடலுக்குள் செலுத்துவார்கள். இந்த வித்தை சைக்கிள் கடைக்குள் வரவில்லை. இரண்டும் ஒரே கடைத்தெருவில் இருந்தும் தனித்தனித் தொழில்களாகவே இருந்தன.

1990களில் மலைச்சைக்கிள் பாணியில் தடித்த டயர் வண்டிகள் வந்தன. அவற்றில் ஒயர் பிரேக் இருந்தது. கியர் வைத்த வகைகளும் பின்னர் பெருகின. பழைய கடைக்காரர் இறுகிய ஒயரைப் பார்த்ததும் தமக்குத் தெரிந்ததைச் செய்தார்: எண்ணெய் விட்டார். சில நாள் ஓடியது. பிறகு அந்த எண்ணெயிலேயே செம்மண் தூசி படிந்து, முன்பைவிட இறுகியது.

கிளிக் கியர் கேட்ட துல்லியம்

பழைய கியர் மாற்றிகளில் நெம்புகோலை எந்த அளவுக்கு வேண்டுமானாலும் நகர்த்தி நிறுத்தலாம். ஒயர் சற்றுத் தளர்ந்தாலும் கை அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளும். 1984இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், ஒவ்வொரு கியருக்கும் ஒரு 'கிளிக்' என்ற முறையை வெற்றிகரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இப்போது ஒவ்வொரு கிளிக்கும் இழுக்கும் ஒயரின் நீளம் சில மில்லிமீட்டர்தான். உறை அரை மில்லிமீட்டர் சுருங்கினாலும் செயின் தடுமாறும்.

ஆகவே கியர் அவுட்டரின் அமைப்பே மாறியது. பிரேக் அவுட்டர் சுருள் கம்பியால் ஆனது; பொதுவாக 5 மி.மீ. தடிமன். கியர் அவுட்டரில் எஃகு இழைகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டிருக்கும், 4 மி.மீ. தடிமன். உள் ஒயரும் பிரேக்குக்குச் சுமார் 1.6 மி.மீ., கியருக்கு 1.2 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியது. கையில் உள்ளதை வெட்டிப் போடும் பழக்கம் இங்கே ஆபத்தானது. பிரேக் அவுட்டரைக் கியருக்குப் போட்டால் கியர் சரியாக நிற்காது, அவ்வளவுதான். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால், அவசரமாகப் பிடிக்கும்போது இழைகள் பிதுங்கி உறை வெடிக்கும். பிரேக் இல்லாமல் போகும்.

இறுகிய ஒயரை எடுப்பது

ஒயர் இறுகத் தொடங்குவதை ஒரு அறிகுறியால் கண்டுபிடிக்கலாம். பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றும்போது கியர் மாறும்; சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கும்போது மாறாது. ஏற்றுவது கையின் பலம். இறக்குவது டீரெய்லரில் உள்ள ஸ்பிரிங்கின் பலம், அது கையைவிட மிகக் குறைவு. உறையின் உராய்வு அந்த ஸ்பிரிங்கைத்தான் முதலில் தோற்கடிக்கிறது. பெரும்பாலும் பின்சக்கரத்தருகே வளைந்து செல்லும் கடைசித் துண்டு அவுட்டரே குற்றவாளி. தண்ணீரும் மண்ணும் தெறிக்கும் இடம் அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடிய வண்டியை அப்படியே நிறுத்திவைத்தால், தையில் அந்தத் துண்டு துருக்குழாயாகிவிடும்.

கழற்றும்போது முதலில் மாற்றியைக் கடைசி எண் வரை தட்டிவிட்டு, மிதியைச் சுற்றிச் செயினைச் சிறிய பல்லுக்குக் கொண்டுவர வேண்டும். ஒயரின் இழுவிசை அங்கேதான் மிகக் குறைவு; ஒயரின் குண்டுத் தலையும் மாற்றியின் துளைக்கு நேராக வந்து நிற்கும். ஒயர் இறுகிச் செயின் வரவில்லை என்றாலும் மாற்றி அந்த எண்ணில் இருப்பது அவசியம். பிறகு டீரெய்லரில் ஒயரைப் பிடித்திருக்கும் போல்டைத் தளர்த்தி, பிரிந்துபோன முனையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிட்டு, அவுட்டர் துண்டுகளைச் சட்டத்தின் பிடிகளிலிருந்து விடுவிக்கலாம். துரு பிடித்த துண்டை ஒயரின் மேல் திருகித் திருகி உருவ வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் வெட்டலாம். எங்கே வெட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாற்றியை ஒட்டி வெட்டிவிட்டால் தலையை வெளியே தள்ளப் பிடிமானமே இருக்காது. ஒரு சாண் நீளம் மிச்சம் வைத்து வெட்டி, அந்த மிச்சத்தை உள்நோக்கித் தள்ளினால் தலை மறுபக்கம் எட்டிப்பார்க்கும்.

சில வண்டிகளில் ஒயர் மாற்றிக்குள்ளேயே இழை இழையாக அறுந்து சிக்கியிருக்கும். அப்போது மூடியின் திருகைக் கழற்றி, இழைகளை ஒவ்வொன்றாகக் குறட்டால் எடுக்க வேண்டும். ஓர் இழை உள்ளே தங்கினாலும் புது ஒயர் சில நாளில் சிக்கும். பொறுமை வேண்டிய இந்த ஒரு வேலைக்காகவே பல இடங்களில் மாற்றியையே புதிதாகப் போடச் சொல்கிறார்கள்.

புது அவுட்டரைப் பழையதன் நீளத்துக்கே வெட்ட வேண்டும். வெட்டிய வாய் நசுங்கியிருக்கும். கூராக்கிய ஸ்போக்ஸ் கம்பியால் அதைத் திறந்து, முனையில் தொப்பி மாட்டிய பிறகே ஒயரை நுழைக்கலாம். பிளாஸ்டிக் குழல் வைத்த இன்றைய அவுட்டருக்குள் கிரீஸோ தையல் மெஷின் எண்ணெயோ அள்ளி விடத் தேவையில்லை. ஒயரை இழுத்துப் போல்டை முடுக்கி, டீரெய்லரில் உள்ள திருகு உருளையைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி ஒவ்வொரு கிளிக்கையும் சரிபார்த்தால் வேலை முடிந்தது.

இப்போது வரும் விலை கூடிய சைக்கிள்களில் ஒயர் சட்டக் குழாய்க்குள்ளேயே ஓடுகிறது. வழிகாட்டும் குழல் இல்லாத சட்டத்தில் பழைய ஒயரை அப்படியே உருவிவிட்டால், புதியதை மறுமுனைத் துளைக்குக் கொண்டுசேர்ப்பது பெரும்பாடு. அதனால் பழைய ஒயர் உள்ளே இருக்கும்போதே அதன் மேல் ஒரு மெல்லிய குழலைச் செலுத்தியோ, முனையில் நூலைக் கட்டியோ வைத்துக்கொண்டுதான் உருவ வேண்டும். சேத்தக் காலத்து மெக்கானிக் யாரும் இதைச் சொல்லாமலே செய்வார்.