காலை பத்து மணிக்குள் அணைத்தாக வேண்டும்

அமெரிக்க வனத்துறையில் 1935 முதல் 1978 வரை ஒரு விதி இருந்தது. காட்டில் எங்கே தீ தெரிந்தாலும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். முடியலையா? அதற்கடுத்த நாள் பத்து மணிக்குள். சின்னத் தீ, பெரிய தீ, மின்னல் வைத்தது, மனுஷன் வைத்தது என்ற பேதமே கிடையாது.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 1910 ஆகஸ்டுக்குப் போகணும். வனத்துறை தொடங்கி ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஐடஹோ, மான்டானா மலைகளில் கடும் வறட்சி, அங்கங்கே நூற்றுக்கணக்கான சிறு தீக்கள். ஆகஸ்ட் 20 அன்று புயல்காற்று அடித்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. 80 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் தீயணைக்கப் போன கூலியாட்கள். வாலஸ் ஊருக்கு அருகே எட் புலாஸ்கி என்ற வனக்காவலர் தன் ஆட்கள் நாற்பது சொச்சம் பேரை ஒரு சுரங்கத்துக்குள் தள்ளி, வெளியே ஓடப் பார்த்தவர்களைத் துப்பாக்கி காட்டி நிறுத்தினார். அப்படித்தான் பெரும்பாலானோர் பிழைத்தார்கள்.

வனத்துறை இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் நேரடியானது: ஆள் போதவில்லை, சாலை போதவில்லை, பணம் போதவில்லை. அன்று மிசூலா வட்டார அலுவலகத்தில் அதிகாரியாக இருந்த சில்காக்ஸ்தான் பின்னாளில் துறைத் தலைவராகி பத்து மணி விதியைக் கொண்டுவந்தவர். கூடவே இருந்து பார்த்த மனுஷர். அவர் இடத்தில் இருந்திருந்தால் நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

விதி வேலையும் செய்தது, அங்கேதான் சிக்கல். மேற்கு அமெரிக்காவின் பாண்டரோசா பைன் காடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தவழ்ந்து போகும் சிறு தீ வரும். சருகையும் இளங்கன்றுகளையும் தின்றுவிட்டு, தடித்த பட்டை கொண்ட பெரிய மரங்களை விட்டுவிடும். மரத்தின் ஆண்டு வளையங்களில் இருக்கும் தழும்புகளே இதற்குச் சாட்சி. பூர்வகுடிகள் பல இடங்களில் வேண்டுமென்றே தீ வைத்துக் காட்டைப் பராமரித்தார்கள். அந்தத் தீ நின்றதும் சருகு சேர்ந்தது, கன்றுகள் நெருக்கமாக வளர்ந்தன. தரையில் பிடிக்கும் தீ உச்சிக்கு ஏற ஏணி தயாரானது. ஹெரால்ட் வீவர் என்ற வன அதிகாரி 1943-லேயே இதை எழுதிவிட்டார். கேட்க ஆளில்லை. 1963-ல் லியோபோல்ட் அறிக்கை வந்து, 1968-ல் தேசியப் பூங்காத் துறை மாறியது. வனத்துறை மாற இன்னும் பத்து வருஷம்.

தீ எத்தனை மணிக்கு அணைந்தது என்பதை எண்ணினார்கள். தரையில் எவ்வளவு சருகு சேர்ந்தது என்பதை யாரும் எண்ணவில்லை. சர்வர் கீழே விழவில்லை என்று பச்சை விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு, வட்டு நிரம்பிக்கொண்டே வருவதைப் பார்க்காமல் விட்ட மாதிரி.

சரி, காட்டை விடுங்க, வீடு? வனத்துறையின் ஆய்வாளர் ஜாக் கோஹன் கேட்ட கேள்வி இது: காட்டுத்தீயில் வீடு எப்படிப் பற்றுகிறது? பெரிய ஜுவாலையின் அலை வந்து ஊரை விழுங்குவதாகத்தான் நாம் நினைக்கிறோம். தொண்ணூறுகளின் இறுதியில் கனடாவில் உண்மையான காட்டுத்தீ எதிரே மரச்சுவர்களை நிறுத்திச் சோதித்தார்கள். 10 மீட்டரில் நின்றவற்றில் சில பற்றின. 30 மீட்டரில் பற்றவில்லை. அப்படியானால் ஊர்களை எரிப்பது எது? காற்றில் பறந்துவரும் தீப்பொறி. கூரை விளிம்பில் சேர்ந்த சருகு, காற்றுத் துவாரம், சுவரோரம் அடுக்கிய விறகு. இவற்றில் விழுந்தால் போதும். அப்புறம் ஒரு வீடு அடுத்த வீட்டைப் பற்றவைக்கும்.

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் இப்படித்தான் போனது. 85 பேர் பலி, 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் நாசம். படங்களைப் பாருங்கள்: வீடு இருந்த இடத்தில் சாம்பல், பக்கத்திலேயே மரம் பச்சையாக நிற்கும். அதாவது ஆபத்தை மதிப்பிடுகிறவர் காட்டை மட்டும் அளந்தால் போதாது. வீட்டையும் அதைச் சுற்றி 30 மீட்டரையும் அளக்கணும்.

அப்படியென்றால் திட்டமிட்டுத் தீ வைத்துச் சருகைக் குறைத்தால் முடிந்ததா? அதுவும் லேசில்லை. 2000 மே மாதம் நியூ மெக்சிகோவில் பூங்கா அதிகாரிகள் வைத்த திட்டமிட்ட தீ கைமீறி லாஸ் அலமாஸ் ஊருக்குள் நுழைந்தது. 400-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன.

இதை யோசித்துப் பாருங்கள். தீ வைத்த அதிகாரியின் பெயர் மறுநாளே செய்தியில் வரும். தீயை அணைத்துக்கொண்டே வந்த அதிகாரி நல்ல பெயரோடு ஓய்வு பெறுவார். அவர் சேர்த்துவைத்துப்போன சருகு ஐம்பது வருஷம் கழித்து எரியும்போது அவர் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். பத்து மணி விதி ஏட்டிலிருந்து போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அங்கே பெரும்பாலான தீக்கள் இன்றும் கண்ட உடனே அணைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.