துணை மேயர் டு எம்.எல்.ஏ: சித்தூர், திருப்பதியில் உள்ளாட்சிப் படிக்கட்டு ஏன் வழுக்கியது?

கவுன்சிலராகத் தொடங்கி மேலே போவது இந்திய அரசியலில் பழகிய பாதைதான். திரௌபதி முர்மு 1997-ல் ஒடிசாவின் ராய்ரங்பூரில் கவுன்சிலர், 2000-ல் எம்.எல்.ஏ., 2022-ல் குடியரசுத் தலைவர். தேவேந்திர ஃபட்னாவிஸ் 1992-ல் நாக்பூர் மாநகராட்சி உறுப்பினர், 1997-ல் மேயர், 1999-ல் எம்.எல்.ஏ. நம்ம சென்னையில் மா.சுப்பிரமணியன் 2006 முதல் 2011 வரை மேயர், 2016-ல் சைதாப்பேட்டை எம்.எல்.ஏ., 2021-ல் சுகாதாரத் துறை அமைச்சர்.

ஆனால் எல்லையைத் தாண்டி சித்தூர், திருப்பதி பக்கம் போனால் கதை வேறு. 2024 சட்டமன்றத் தேர்தலில், உள்ளாட்சி வழியாக வந்த மூன்று இளைஞர்கள் அங்கே போட்டியிட்டார்கள். மூவரும் தோற்றார்கள். ஏன்?

யார் அந்த மூன்று பேர்?

பூமன அபிநய் ரெட்டி: 2021-ல் திருப்பதி மாநகராட்சி கவுன்சிலர், பிறகு துணை மேயர். அப்பா பூமன கருணாகர் ரெட்டி 2019-ல் வெறும் 708 ஓட்டு வித்தியாசத்தில் திருப்பதி எம்.எல்.ஏ. ஆனவர். 2024-ல் அப்பா ஒதுங்க, மகன் அதே தொகுதியில் நின்றார்.

செவிரெட்டி மோஹித் ரெட்டி: திருப்பதி ரூரல் மண்டல பரிஷத் தலைவர். நம்ம ஊர் கணக்கில் ஒன்றியக் குழுத் தலைவர். அடுத்து 'துடா' எனப்படும் திருப்பதி நகர வளர்ச்சிக் குழுமத்தின் தலைவர். அப்பா செவிரெட்டி பாஸ்கர் ரெட்டி 2014, 2019 இரண்டு முறையும் சந்திரகிரி எம்.எல்.ஏ. 2024-ல் அப்பா ஓங்கோல் மக்களவைத் தொகுதிக்குப் போக, மகனுக்கு சந்திரகிரி.

கே.ஆர்.ஜே.பரத்: சித்தூர் உள்ளாட்சித் தொகுதியிலிருந்து 2021-ல் போட்டியின்றி எம்.எல்.சி. ஆனவர். இவருடைய அப்பா சந்திரமௌலி, முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி. குப்பத்தில் சந்திரபாபு நாயுடுவை எதிர்த்து 2014, 2019 இரண்டு தேர்தலிலும் நின்றவர். மகன் 2024-ல் அதே இடத்தில் நின்றார்.

மூவரும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். திருப்பதியில் 60,000-க்கும் மேல், சந்திரகிரியில் 40,000-க்கும் மேல், குப்பத்தில் 48,000-க்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் தோல்வி.

படிக்கட்டு எப்படி வேலை செய்கிறது?

உள்ளாட்சியில் நிற்க 21 வயது போதும். சட்டமன்றத்துக்கு 25, மேலவைக்கு 30. ஆந்திராவில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. சட்டமன்றத்தில் அப்படி ஒதுக்கீடு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இரண்டு குழந்தைகளுக்கு மேல் இருந்தால் உள்ளாட்சியில் நிற்க முடியாது என்ற பழைய விதியையும் 2024 நவம்பரில் நீக்கிவிட்டார்கள். எம்.எல்.ஏ.க்களுக்கு அந்த விதி எப்போதுமே இருந்ததில்லை.

கிராம சர்பஞ்ச் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடக்கும். மண்டல, மாவட்ட பரிஷத் தேர்தலும் வார்டு தேர்தலும் கட்சிச் சின்னத்தில். மேயரையும் மண்டலத் தலைவரையும் நீங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். மாநகராட்சி என்றால் அந்தப் பகுதி எம்.எல்.ஏ., எம்.பி.க்கும் இதில் ஓட்டு உண்டு.

இதே உறுப்பினர்கள்தான் மேலவைக்கும் ஆள் அனுப்புகிறார்கள். ஆந்திர மேலவையின் 58 இடங்களில் 20 உள்ளாட்சித் தொகுதிகள். அதாவது, உள்ளாட்சியை ஒரு கட்சி மொத்தமாகப் பிடித்தால் எம்.எல்.சி. பதவியும் பின்னாலேயே வரும். பரத் போட்டியே இல்லாமல் ஜெயித்தது இப்படித்தான்.

அப்போ பிரச்சினை எங்கே?

முதல் காரணம் எல்லாருக்கும் தெரிந்தது: அலை. பழைய சித்தூர் மாவட்டத்தின் 14 தொகுதிகளில் 2019-ல் 13-ஐ ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் வென்றது. 2024-ல் கிடைத்தது புங்கனூர், தம்பள்ளப்பள்ளி என இரண்டே இரண்டு. அந்த அலையில் நல்ல கவுன்சிலர், சுமாரான கவுன்சிலர் என்ற வித்தியாசமெல்லாம் எடுபட்டிருக்காது.

ஆனால் அலை மட்டுமே காரணம் இல்லை. 2021 உள்ளாட்சி வெற்றி எப்படிப்பட்டது என்று பாருங்கள். திருப்பதி மாநகராட்சியாக உயர்ந்தது 2007-ல். அதற்கு முதல் தேர்தல் நடந்ததோ 2021 மார்ச்சில்! அதிலும் பல வார்டுகளில் போட்டியே இல்லை. முடிவு: ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 48, தெலுங்கு தேசம் 1. அதே ஆண்டு நவம்பரில் குப்பம் நகராட்சியின் 25 வார்டுகளில் 19-ஐயும் அந்தக் கட்சி பிடித்தது. மூன்றே வருடத்தில் இரண்டு ஊரும் தலைகீழ்.

எதிரணி களத்தில் இல்லாத தேர்தலில் ஜெயித்தால் பதவி கிடைக்கும், ஆனால் ஓட்டு கேட்டுப் பழக்கம் கிடைக்காது. முர்முவுக்கும் ஃபட்னாவிஸுக்கும் உள்ளாட்சி முதல் படி. இந்த மூவருக்கும் படி ஏற்கெனவே வீட்டில் இருந்தது. தொகுதி கைக்கு வரும்வரை ஏதாவது ஒரு பொறுப்பு வேண்டும், அதுக்கு உள்ளாட்சி பயன்பட்டது. இது ஒரு கட்சியின் வழக்கம் மட்டும் இல்லை. திருப்பதி எம்.எல்.ஏ. வெங்கடரமணா 2014 டிசம்பரில் காலமானதும், தெலுங்கு தேசம் அவர் மனைவி சுகுணம்மாவைத்தான் நிறுத்தியது. 2015 இடைத்தேர்தலில் அவர் வென்றார்.

சரி, திருப்பதியில் ஜெயித்தவர் யார்?

ஆரணி சீனிவாசுலு. 2019-ல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சார்பில் சித்தூர் எம்.எல்.ஏ. 2024-ல் அங்கே சீட் கிடைக்கவில்லை. ஜன சேனாவுக்குப் போனார், கூட்டணியில் திருப்பதி கிடைத்தது, துணை மேயரைத் தோற்கடித்தார். ஊரின் வார்டு வார்டாக வேலை பார்த்த பதவியை, பக்கத்து ஊரிலிருந்து கூட்டணி பலத்தோடு வந்தவர் வென்றுவிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. காலியான துணை மேயர் பதவிக்கு 2025 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. 2021-ல் ஒரே ஒரு வார்டில் வென்ற தெலுங்கு தேசம் அந்தப் பதவியைப் பிடித்தது. இடைப்பட்ட காலத்தில் திருப்பதி மக்கள் மாநகராட்சிக்கு மறுபடி ஓட்டே போடவில்லை. மாறியது கவுன்சிலர்களின் பக்கம்தான்.

உங்களுக்கு இதில் என்ன?

திருப்பதியில் குடிநீரும் குப்பையும் மாநகராட்சி. லே-அவுட் அனுமதியில் 'துடா'வுக்குப் பெரிய பங்கு. அதன் தலைவரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. பெரிய பணம் தேவஸ்தானத்திடம். 2023-ல் திறந்த சீனிவாச சேது மேம்பாலத்துக்கே தேவஸ்தானப் பணம் தேவைப்பட்டது. இந்த மூன்றில் உங்கள் ஓட்டு நேரடியாகத் தொடும் ஒரே இடம் வார்டு.

2021-ல் வந்த மன்றத்தின் 5 ஆண்டு பதவிக்காலம் 2026 மார்ச் வரை. எந்த ஊரிலும் அடுத்த வார்டு தேர்தலில் மூன்று விஷயம் பாருங்கள்: உங்கள் வார்டில் நிஜமாகவே போட்டி இருக்கிறதா? வேட்பாளருக்கு அந்த வார்டில் வேலை செய்த வரலாறு உண்டா, இல்லை குடும்பப் பெயர் மட்டும்தானா? ஜெயித்த பிறகு கட்சி மாறினால் அவரிடம் கேள்வி கேட்க நீங்கள் தயாரா?

வார்டில் போட்டி இல்லாமல் போனால், ஐந்து வருடம் கழித்து எம்.எல்.ஏ. சீட்டுக்கு வரிசையில் நிற்பவரும் நீங்கள் சோதித்துப் பார்க்காத ஆளாகத்தான் இருப்பார்.