எல்லையும் ஈடுபாடும்: திறந்த உலகக் கணினி விளையாட்டுகளின் வரலாறு குறித்து ஒரு நோக்கு

கணினி விளையாட்டுகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலர் அதனைப் பொறிகளின் வரலாறாகவே எழுதிவிட்டனர். நினைவகம் பெருகியது, படம் துலங்கியது, உலகம் விரிந்தது, அதனால் ஆடுவோரின் ஈடுபாடும் ஆழ்ந்தது என்பதே அவர்தம் கூற்றின் சாரம். 'திறந்த உலக விளையாட்டு' என இன்று வழங்கும் வகைக்கு இவ்விளக்கம் மிகவும் பொருந்துவதுபோலத் தோன்றும். எத்திசையிற் செல்வது, எதனை முதலிற் செய்வது, எதனைச் செய்யாது விடுவது என்பவற்றை ஆடுவோரே தீர்மானிக்குமாறு அமைந்த விளையாட்டு அது. எனவே இடம் பெருகப் பெருக இன்பமும் பெருகும் என்று கருதுதல் இயல்பே. ஆயின் இவ்வகையின் அரைநூற்றாண்டு வரலாற்றை நுணுகி நோக்குமிடத்து இக்கருத்து நிலைபெறுவதாயில்லை. பரப்பை விரித்தவிடத்துச் சலிப்புத் தோன்றியதும், சுருக்கியவிடத்து ஈடுபாடு மிகுந்ததும் அவ்வரலாற்றில் ஒருமுறைக்கு மேல் நிகழ்ந்துள்ளன.

இவ்வகையின் மூலத்தை ஆராய்வோர் ஒரு குகையிலே சென்று முடிவர். அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்திலே கணினி வலையமைப்புப் பணியில் ஈடுபட்டிருந்த வில்லியம் குறோதர் ஓய்வு நேரங்களிற் குகை ஆராய்ச்சியில் நாட்டங் கொண்டவர். கென்டக்கி மாநிலத்தின் பிளின்ற் றிட்ஜ் குகைத்தொகுதியும் மாமத் குகையும் ஒன்றோடொன்று தொடர்புடையன என 1972ஆம் ஆண்டு செப்டெம்பரிற் கண்டறிந்த குழுவில் அவரின் மனைவி பற்றீசியா இடம்பெற்றிருந்தார். குகையளவைக் குறிப்புகளைக் கணினியில் இட்டு வரைபடமாக்குவதில் கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தனர். மணமுறிவின் பின்னர், தம் புதல்வியர் ஆடுதற்பொருட்டுக் குறோதர் 1975-76 காலப்பகுதியில் 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டை எழுதினார். அதிற் படமில்லை, எழுத்து மட்டுமே உண்டு. ஆடுவோர் ஓரிரு சொற்களைத் தட்டினால், கணினி அடுத்த குகையறையை விவரிக்கும். 1977இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொன் வூட்ஸ் அதனை விரிவாக்கினார். குறோதரின் மூல நிரலைத் தேடிக் கண்டு, அதனை உண்மைக் குகையோடு ஒப்பிட்டு டெனிஸ் ஜேர்ஸ் 2007இல் வெளியிட்ட ஆய்வு, விளையாட்டின் குகை பெரும்பாலும் மெய்யான குகையின் அமைப்பையே பின்பற்றியது என்பதைக் காட்டிற்று. ஆகவே முதலாவது கணினி உலகங்களுள் ஒன்று கற்பனையின் விரிவாற் பிறந்ததன்று; ஒருவர் முழங்காலில் தவழ்ந்து அளந்த இடமே அது. ஆடுவோர் தாமும் தாளும் பென்சிலும் கொண்டு அதனை மீள அளக்க வேண்டியவராயினர்.

அக்காலத்து வணிக விளையாட்டுகளோ நாணயம் இட்டு ஆடும் பொறிகளின் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டிருந்தன. மூன்று உயிர், சில நிமிட ஆட்டம், ஈற்றிற் புள்ளிக் கணக்கு, பின்னர் மீண்டும் ஒரு நாணயம். வீட்டுக் கணினிகள் வந்த பின்னரும் இவ்விலக்கணம் நீடித்தமை விந்தையே. வீட்டில் நாணயம் இடுவார் எவருமிலர். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிறேபனும் இயன் பெல்லும் தாம் எழுதிக்கொண்டிருந்த விண்வெளி விளையாட்டை ஒரு வெளியீட்டு நிறுவனத்துக்குக் காட்டியபோது, மூன்று உயிர்களும் பத்து நிமிட எல்லையும் இல்லாத விளையாட்டு விலைபோகாது என்ற கருத்தில் அந்நிறுவனம் அதனை ஏற்க மறுத்தது. பின்னர் ஏகோண்சொஃப்ற் நிறுவனம் 1984ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆம் நாள் அதனை 'எலீற்' என்னும் பெயரில் வெளியிட்டது.

எலீற் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். பின்வந்த எல்லா வாதங்களும் அதில் முளைநிலையிற் காணப்படுகின்றன. அது இயங்கிய பிபிசி மைக்றோ கணினியின் நினைவகம் 32 கிலோபைற். திரைக்கும் பிறவற்றுக்கும் ஒதுக்கியது போக நிரலுக்கு எஞ்சியது ஏறத்தாழ 22 கிலோபைற் மட்டுமே. இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் இதனைப் போற் பன்மடங்கு இடத்தை அடைக்கும். அச்சிறிய இடத்தில் ஆயிரக்கணக்கான கோள்களைச் சேமித்து வைத்தல் இயலாது. ஆகவே இருவரும் கோள்களைச் சேமிக்கவில்லை. அவற்றை விளைவிக்கும் விதையைச் சேமித்தனர். சில எண்களை ஒன்றோடொன்று கூட்டி அடுத்த எண்களைப் பெறும் ஒரு தொடரிலிருந்து ஒவ்வொரு கோளின் பெயரும் இடமும் ஆட்சிமுறையும் பொருளாதாரமும் வேண்டியபோது தோன்றின. அதே விதை எப்போதும் அதே உலகையே தரும். இம்முறையாற் பெறக்கூடிய விண்மீன் மண்டலங்களின் தொகை ஏறத்தாழ 282 இலட்சம் கோடி. ஆக்கியோர் அத்தனையையும் ஆடுவோருக்கு வழங்கவே விரும்பினர். வெளியீட்டாளர் அதனைத் தடுத்தனர். இத்தனை பெருந்தொகை வெளிப்படையானால் அவை யாவும் ஒரே வாய்பாட்டின் விளைவுகள் என்பதும் வெளிப்பட்டுவிடும் என்பது அவர்தம் அச்சம். ஈற்றில் 8 மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்தொகுதிகள், ஆக 2,048 என வரையறுக்கப்பட்டது.

வணிகர் ஒருவரின் எச்சரிக்கையிற் கலையின் விதி ஒன்று பொதிந்திருத்தல் அரிதாகவே நிகழும். இங்கு அது நிகழ்ந்தது எனலாம். ஆடுவோரை எலீற் கட்டி வைத்தது அந்த 2,048 கோள்கள் அல்ல. கையில் 100 கிறெடிற் பணத்துடன் ஒருவர் லாவே என்னும் கோளிலிருந்து புறப்படுவார். வேளாண்மைக் கோளில் உணவை மலிவாக வாங்கிக் கைத்தொழிற் கோளில் விற்கலாம். தடைசெய்யப்பட்ட பண்டங்களைக் கடத்தினால் இலாபம் மிகும், காவற்படையும் துரத்தும். சுழலும் விண்நிலையத்தின் ஒடுங்கிய வாயிலுட் கலத்தைச் செலுத்துதல் தொடக்கத்திற் பலருக்குக் கைகூடாத காரியம்; மோதினால் யாவும் அழியும். உழைத்துச் சேர்த்த பணத்திற் கலத்தைத் தானே செலுத்தும் கருவியொன்றை வாங்கும் நாள்வரை இவ்வச்சம் நீங்காது. இவ்வாறு தூரம், விலை, அச்சம் ஆகிய மூன்றும் கோள்களுக்கிடையே உறவை உண்டாக்கின. வெற்றிடத்திற் கோட்டுருவமாகத் தெரிந்த அவ்வுலகத்தில் ஒருவர் எடுத்த முடிவுக்கு விளைவு இருந்தது.

இவ்விடத்துத் தமிழிலுள்ள ஒரு சொல் வேறுபாடு கருதத்தக்கது. ஆட்டம் என்றவிடத்து வெற்றியும் தோல்வியும் முன்னிற்கும். விளையாட்டு என்பதோ முடிவும் முறையும் வேண்டாது மணலிற் குழந்தை புரியும் செயலையும் தழுவும். எலீற் ஆட்டமாகத் தொடங்கி விளையாட்டாக நீண்டது. அதில் இறுதிக் காட்சி இல்லை.

இங்கிலாந்தில் இவ்வாறிருக்க, யப்பானில் வேறொரு வழியில் இதே இடத்தை அடைந்தவர் ஷிகெரு மியாமோட்டோ. கியோட்டோ மாகாணத்துச் சொனோபே என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், சிறுவயதில் அயலிலுள்ள குன்றுகளில் அலைந்து, எதிர்பாராது கண்ட குகையொன்றினுள் விளக்குடன் நுழைந்த அனுபவத்தைப் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். 1986ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் நாள் நின்டென்டோ வெளியிட்ட 'செல்டா' அவ்வனுபவத்தை வடித்தெடுத்தது. 128 திரைகளால் ஆன மேற்பரப்பு. முதற்றிரையிலேயே மூன்று திசைகளிற் செல்லும் வழிகளும் ஒரு குகை வாயிலும். எது சரியான வழி என எவரும் கூறார். எந்தப் புதரை எரித்தால் வழி திறக்கும், எந்தச் சுவரைத் தகர்த்தால் அறை தென்படும் என்பவற்றை ஆடுவோர் தாமே முயன்று அறிதல் வேண்டும். அறிந்ததைத் தோழருக்குக் கூறுதல் அதனினும் இன்பம். குறோதரின் குகையும் மியாமோட்டோவின் குகையும் மெய்யான நிலத்திலிருந்து வந்தன என்பது தற்செயலாக இருக்கலாம். எனினும் இருவரும் நிலத்தின் அளவையன்றி, அதனுள் நுழையும்போது எழும் தயக்கத்தையே கணினிக்குக் கொணர்ந்தனர்.

இப்பாடம் மறக்கப்படுவதற்குப் பத்தாண்டுகளே போதுமாயின. 1996இல் அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'டாகர்ஃபோல்', பெரிய பிரித்தானியத் தீவை ஒத்த பரப்புடையது எனப் பறைசாற்றப்பட்டது. அதில் இடம்பெற்ற ஊர்களும் பாழ்நிலவறைகளும் 15,000க்கு மேற்பட்டவை. ஆயின் அவை வாய்பாட்டாற் பிறந்தவை. ஓர் ஊரைக் கண்டவர் நூறு ஊரைக் கண்டவராவார். ஊர்களுக்கிடையே நடந்து செல்ல எவரும் விரும்பவில்லை. வரைபடத்திற் புள்ளியைத் தெரிந்து நொடியிற் சென்றனர். இடைப்பட்ட நாடு முழுவதும் பயனற்றுக் கிடந்தது. அதே நிறுவனம் 2002இல் 'மொறோவிண்ட்' விளையாட்டை ஆக்கியபோது பரப்பைச் சில பத்துச் சதுர கிலோமீற்றராகக் குறைத்து, ஒரு தீவை மட்டும் கையாற் செதுக்கியது. ஒருவரைத் தேடிச் செல்வதாயின், ஊரவர் கூறும் வழியைக் கேட்டு, ஆற்றையும் பாலத்தையும் பாறையையும் அடையாளமாகக் கொண்டு நடக்க வேண்டும். வழி தவறுதலும் உண்டு. வழி தவறியவிடத்து வேறொரு கதை காத்திருப்பதும் உண்டு.

இதற்கு முந்திய ஆண்டிற் புறப்பட்ட 'கிறாண்ட் தெஃப்ற் ஓட்டோ 3' இவ்வகையைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசென்றது. ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரத்து டீஎம்ஏ டிசைன் நிறுவனம் ஆக்கிய அந்நகரில் மழை பெய்தது, வானொலி ஒலித்தது, பாதசாரிகள் முணுமுணுத்தனர். பொறியின் 32 மெகாபைற் நினைவகத்தில் நகரம் முழுதும் அடங்காமையால், ஆடுவோர் செல்லச் செல்ல வட்டிலிருந்து தெருக்கள் படிக்கப்பட்டன. படிக்கும் வேகத்தை ஆடுவோரின் வாகனம் விஞ்சாதிருக்கப் பாதைகளின் அமைப்பையே மாற்ற நேர்ந்ததாக அதன் நிரலாளரொருவர் பின்னாளிற் கூறியுள்ளார். பொறியின் குறையே தெருவின் வளைவாயிற்று. ஆயின் இந்நகரம் எதற்கு உரத்து மறுமொழி கூறிற்று என்பதும் நோக்கத்தக்கது. ஒருவரை அடித்து வீழ்த்தினாற் காவற்படை திரண்டு வரும்; ஒருவருக்கு உதவ நினைத்தால் அதற்குரிய செயல்கள் மிகச் சிலவே. இதன் மீது எழுந்த ஒழுக்கவியற் கண்டனங்கள் பல மிகையானவை. எனினும் சுதந்திரம் எனப் போற்றப்பட்டது பெரிதும் அழிக்கும் சுதந்திரமாக அமைந்தது என்னும் குறையை மறுத்தல் அரிது.

பின்னர் நேர்ந்த மாற்றம் அதனினும் பாரதூரமானது. பெதெஸ்டாவின் அடுத்த படைப்பான 2006ஆம் ஆண்டு 'ஒப்ளிவியன்' திசைகாட்டியில் இலக்கைக் குறியிட்டுக் காட்டிற்று. 2007இல் வெளிவந்த 'அசாசின்ஸ் கிறீட்' விளையாட்டில் உயர்ந்த கோபுரத்தில் ஏறினால், சுற்றுப்புறத்துச் செயல்கள் யாவும் வரைபடத்திற் குறிகளாகத் தோன்றின. இம்முறை வசதியானது, ஆகவே விரைவிற் பரவிற்று. நாளடைவில் ஆடுவோர் நிலத்தைப் பாராது குறியைப் பார்த்து ஓடலாயினர். மலையும் காடும் பின்னணித் திரைச்சீலையாயின. உலகம் செய்துமுடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியலாயிற்று. அலுவலகத்தில் நாள் முழுதும் பட்டியலைத் தீர்த்துவிட்டு வீடு திரும்பும் ஒருவர் இன்னொரு பட்டியலைப் பணங் கொடுத்து வாங்கித் தீர்ப்பதனை விளையாட்டு என அழைத்தல் எவ்வளவு பொருத்தமானது?

இலக்கியத் திறனாய்வில் நன்கறியப்பட்ட கோல்றிட்ஜின் கோட்பாடு, வாசகர் தம் அவநம்பிக்கையை விரும்பித் தள்ளிவைக்கின்றனர் என்பது. கணினிக் கதைகளை ஆராய்ந்த ஜனற் மறே 1997இல் வெளியிட்ட நூலில், இங்கு நிகழ்வது தள்ளிவைத்தல் அன்று, நம்பிக்கையை முனைந்து ஆக்குதலே என வாதிட்டார். அவ்வாறு ஆக்குவதற்கு ஆடுவோருக்கு ஏதேனும் வேலை எஞ்சியிருத்தல் வேண்டும். குறியிட்ட உலகம் அவ்வேலையைப் பறித்துக்கொள்கிறது.

எலீற்றில் ஒருமுறை தடுக்கப்பட்ட ஆசை 2016ஆம் ஆண்டு ஓகஸ்டில் நிறைவேறியது. இங்கிலாந்தின் கில்ட்ஃபோட் நகரத்துச் சிறிய நிறுவனமான ஹலோ கேம்ஸ் வெளியிட்ட 'நோ மான்ஸ் ஸ்கை'யிலுள்ள கோள்களின் தொகை, 18 என்னும் எண்ணின் பின் 18 சுழியங்கள் இட்டு எழுதத்தக்கது. முதற்சில நாள்களின் வியப்பு அடங்கியதும், ஒரு கோளுக்கும் மறுகோளுக்கும் வேறுபாடு நிறத்தளவினதே என்னும் ஏமாற்றம் பரவலாக எழுந்தது. 1984ஆம் ஆண்டு வெளியீட்டாளர் அஞ்சியது இதுவே. குறிப்பிடத்தக்கது யாதெனில், அவ்விளையாட்டு நற்பெயரை மீட்டது கோள்களைப் பெருக்கியதாலன்று. கோளொன்றிற் கட்டடம் எழுப்பித் தங்கும் வசதியும், 2018இல் பிறரோடு சேர்ந்து உலாவும் வசதியும் பின்னைய விரிவாக்கங்களிற் சேர்க்கப்பட்டன. எண்ணிறந்த கோள்களுள் ஒன்று தன்னுடையதாயிற்று.

அடுத்த ஆண்டு மார்ச் 3ஆம் நாள், அதாவது 2017இல், நின்டென்டோ 'பிறெத் ஒஃப் த வைல்ட்' என்னும் புதிய செல்டாவை வெளியிட்டது. இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷியின் குழுவினர் முப்பரிமாண உலகைக் கட்டுமுன், 1986ஆம் ஆண்டு விளையாட்டைப் போன்ற தட்டையான மாதிரியொன்றை ஆக்கி, தீ புல்லிற் பற்றுவதும் காற்று அதனைப் பரப்புவதும் மரம் நீரில் மிதப்பதுமான விதிகளை அதிற் சோதித்தனர். உலகின் பரப்பைத் தீர்மானிக்கத் தாம் அன்றாடம் நடமாடும் கியோட்டோ நகரத்தின் தூரங்களை அளவுகோலாகக் கொண்டனர். நிலத்தை முக்கோண வடிவங்களால் அமைத்தனர்: பெரிய முக்கோணம் தொலைவிலிருந்து அழைக்கும், நடுத்தரமானது அப்பாலுள்ளதை மறைக்கும், மேட்டில் ஏறுவதா சுற்றிச் செல்வதா என்னும் தெரிவு ஆடுவோரிடம் விடப்படும். இதிலும் கோபுரங்கள் உண்டு. ஆயின் அவற்றில் ஏறினால் நிலத்தின் வடிவம் மட்டுமே வரைபடத்திற் பதியும். காண விழைவதைக் கண்ணாற் கண்டு, ஆடுவோர் தாமே குறியிட வேண்டும். மழை பெய்தாற் பாறை வழுக்கும். இடிமின்னலின்போது உலோக வாள் ஏந்தியவரை மின்னல் தாக்கும். மலையின் பாதியில் மழை பிடித்துக்கொண்டால், ஒரு பாறையிடுக்கில் ஒதுங்கித் தீமூட்டி அது ஓயும்வரை காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. அவ்வாறு ஒதுங்கியிருந்த வேளையிலே கீழே பள்ளத்தாக்கில் முன்னர் கவனியாத ஓர் ஒளியைக் கண்டு, ஏறவந்த மலையை மறந்து அத்திசையில் இறங்கியோர் பலர்.