செதுக்குப் பீங்கானும் வரலாற்றுச் சான்றும்

விருத்தாசலம் பீங்கான் தொழிலாற் பெயர் பெற்ற ஊர். இன்று அங்கே தொழிலாக வளர்ந்துள்ள பொருள், பண்டு கடல் கடந்து வந்த அரும்பொருளாக இருந்தது. அவ்வூர்க்குத் தெற்கே, கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டை அகழ்ந்தபொழுது சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. சோழர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளிற் சீனத்துக்குத் தூது விடுத்தனர் எனச் சீன வரலாற்று நூல்கள் கூறும். நூற்சான்றும் ஓட்டுச்சான்றும் இவ்வாறு ஒத்து நிற்றல் கருதத்தக்கது. பீங்கான் என்னும் சொல்லோ பாரசீகத்தினின்று வந்ததாகும். பொருள் ஒரு நாட்டினின்றும் பெயர் பிறிதொரு நாட்டினின்றும் வந்தமை பண்டைக் கடல் வாணிகத்தின் இயல்பைப் புலப்படுத்தும்.

சீனக் கலங்களுள் தொகுப்போரைப் பெரிதும் ஈர்ப்பன லோங்சுவான் சூளைகளின் பசுங்கலங்கள். களிமண் சற்று உலர்ந்தபின், சுடுமுன், கலத்தின் புறத்தே தாமரை இதழ்களைச் செதுக்குவர். இரும்புச் சத்துடைய மேற்பூச்சு, காற்றுக் குறைந்த சூளையிற் பசுமை பெறும். செதுக்கிய பள்ளங்களில் அப்பூச்சுத் தேங்கி நிறம் ஆழும். மேடுகளில் மெலிந்து வெளுக்கும். வண்ணம் தீட்டாமலே இதழ் விரிந்து தோன்றும் இவ்வழகைக் கண்டு மகிழ்தல் வீண் பொழுதுபோக்கு அன்று. பன்முறை கண்டு பழகிய கண்ணே ஓர் ஓட்டின் காலத்தையும் சூளையையும் உணரவல்லது.

ஆயினும் அழகு மட்டும் வரலாறாகாது. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபொழுது 13, 14-ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சீன ஓடுகள் வெளிப்பட்டன. வாங் தாயுவான் 1349 அளவில் இயற்றிய நூல் குறிக்கும் 'தாபாதான்' இவ்வூரே என்பது பேராசிரியர் நொபொரு கராஷிமாவின் கருத்து. அவ்வோடுகள் கிடைத்த இடம் தெரிந்தமையாலன்றோ இம்முடிபுக்கு அவை துணையாயின? அவையே ஒருவர் பேழையில் இடம் குறிக்கப்படாது கிடந்திருப்பின், சீனத்துக் கைத்திறனைக் காட்டுமேயன்றித் தமிழகத்துத் துறைமுகத்தைக் காட்டா.

எனவே, கடற்கரை மேட்டில் ஓடு காண்போர் அதனைப் பெயர்த்தெடுத்தல் தகாது. இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறையினர்க்கு அறிவித்தலே கடன். முன்னரே தொகுத்து வைத்திருப்போர், தாம் பெற்ற இடத்தை ஒவ்வொன்றற்கும் எழுதி வைத்தல் வேண்டும். இடம் இழந்த முழுக் கலத்தினும் இடம் அறிந்த உடைந்த ஓடே வரலாற்றுக்கு விலை மிக்கது.