தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆயி மண்டபம் முதல் நம் தெரு வரை



கடந்த ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று நம் குடியிருப்புச் சிறுவர்களுக்கு வினாடி வினா நடத்தினோம். "நம் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டேன். "மொட்டை மாடி டேங்க்கிலிருந்து, தாத்தா" என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தோம். ஆனால் பெரியவர்களில் எத்தனை பேர் சரியான பதில் சொல்லியிருப்போம்? இந்தக் கேள்விக்குப் பழைய புதுச்சேரியில் எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது.

பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் வெள்ளை ஆயி மண்டபத்தைப் பார்க்காதவர் நம்மில் இல்லை. புதுச்சேரி அரசின் சின்னமும் அதுதான். ஆனால் அது தண்ணீருக்காக எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் என்பது பலருக்கு நினைவில்லை.

செவிவழிக் கதை இது: 16ஆம் நூற்றாண்டில் இவ்வழியே வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் ஒளிர்ந்த ஒரு மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பினார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் கோபம் கொண்டு இடிக்க உத்தரவிட்டார். ஆயி, தானே இடிப்பதாக வேண்டிக்கொண்டு, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள்.

கடலோர ஊரான புதுச்சேரியில் நல்ல குடிநீருக்குத் தட்டுப்பாடு இருந்தது. மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில் (1852–1870) சுமார் 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாகவே ஆயியின் பெயரில் மண்டபம் எழுந்தது. அரசர் பெயர் இல்லை, கவர்னர் பெயர் இல்லை. குளம் வெட்டிய பெண்ணின் பெயர்.

கிராமங்களிலும் இதே அக்கறை இருந்தது. ஊசுட்டேரி, பாகூர் ஏரி உள்பட நம் பகுதியில் 84 ஏரிகள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் விவசாயிகளின் சங்கங்களே பொது நிதி திரட்டி ஏரியையும் வாய்க்காலையும் பராமரித்தன. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தபின், அந்தப் பொறுப்பு மெல்ல அரசுத் துறைகளிடம் போயிற்று. ஆழ்குழாய்க் கிணறும் மின்மோட்டாரும் வந்தன. ஏரி நம்முடையது என்ற எண்ணம் குறைந்தது.

1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. தூர் வாரியதோடு நிற்காமல், ஊர்தோறும் ஏரிச் சங்கங்களை மீண்டும் அமைத்தார்கள். நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் அவற்றில் இடம் கிடைத்தது. ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து, மதகு எது, வரத்து வாய்க்கால் எது என்று பேசியதுதான் உண்மையான சுற்றுச்சூழல் கல்வி. 2008இல் ஊசுட்டேரி பறவைகள் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது.

இனி நம் கதைக்கு வருகிறேன். வங்கியில் பல வருடம் லெட்ஜர் பார்த்தவன் நான். வரவே இல்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தால் எந்தக் கணக்கும் தாங்காது. கடற்கரை ஊரில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால், அந்த வெற்றிடத்துக்குள் கடல்நீர் புகும். சென்ற கோடையில் நம் போர்வெல்லை இன்னும் ஆழப்படுத்தினோம்; உப்பு கூடியதுதான் மிச்சம். அதே வளாகத்தில் இரண்டு மழைநீர்ச் சேகரிப்புக் குழிகள் இலையும் மண்ணும் மூடிக் கிடக்கின்றன. செயற்குழுவில் இருந்த நானும் அதைக் கவனிக்கவில்லை. ஆண்டுதோறும் மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டோம்.

ஆகவே மூன்று யோசனைகள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் குழிகளைச் சுத்தம் செய்வோம். மோட்டார் ஓடும் நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் எழுதி, மாதாந்திரக் கூட்டத்தில் படிப்போம். அந்த நோட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஆயி மண்டபத்தில் தொடங்கி, முத்திரையர்பாளையம் வழியாக ஊசுட்டேரி வரை அழைத்துச் செல்வோம்.

அடுத்த ஜூன் 5இல் அதே கேள்வியை மறுபடி கேட்கப்போகிறேன். பெரியவர்களும் தயாராக வாருங்கள்.