நசீராபாத் ரோட்டில் ஒரு துண்டு நிலம்

கல்லூரி விடுமுறைகளில் சங்ககிரியில் சித்தப்பாவின் லாரி ஆபீஸில்தான் இருப்பேன். என் வேலை டிடி எடுப்பது. 2010-க்கு முன்னால் நேஷனல் பர்மிட் பேருக்குத்தான் நேஷனல். சொந்த மாநிலம் போக குறைந்தது மூன்று மாநிலங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் வருடம் 5,000 ரூபாய் கட்டவேண்டும். வழியில் வரும் மாநிலத்தில் ஒரு மூட்டைகூட இறக்காவிட்டாலும் அதற்கும் தனி டிடி.

ஒருமுறை மத்தியப் பிரதேச டிடியை மறந்துவிட்டேன். இந்தூருக்கு ஜவ்வரிசி ஏற்றிப்போன வண்டி எல்லையில் நின்றது. டிரைவர் அண்ணன் பூத்திலிருந்து பேசினார். "ஜவ்வரிசி கெடாது தம்பி, நாங்கதான் கெட்டுருவோம். ரெண்டு நாளா ரோட்டோரந்தான் சோறாக்கித் திங்கறோம்." சித்தப்பா என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த ரோடு யாருடையது என்ற கேள்வி அப்போது வந்ததுதான். அரசமைப்பின் 301-வது பிரிவு, நாடு முழுக்க வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்கவேண்டும் என்கிறது. அதே அரசமைப்பு, வண்டி வரியை மாநிலங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. இரண்டும் முட்டிக்கொள்ளாமல் எப்படி இருக்கும்?

முட்டிக்கொண்ட இடம் ராஜஸ்தான். அஜ்மீர் அன்று தனி மாநிலம். அங்கே நசீராபாத்திலிருந்து தேவ்லிக்கு பஸ் ஓட்டிய கம்பெனிக்காரர்களின் வழியில் ராஜஸ்தானின் நிலம் ஒரு சிறு துண்டாகக் குறுக்கே வந்தது. அதைத் தாண்டியதற்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரி கேட்டது ராஜஸ்தான். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1962 ஏப்ரலில் ஏழு நீதிபதிகளில் நான்கு பேர் ராஜஸ்தான் பக்கம். ரோடும் பாலமும் போட்டுத்தருகிற மாநிலம் அதற்கு ஈடாகக் கேட்கும் வரி தடையாகாது என்றார்கள். மறுத்த மூவரில் நம்ம ஊர் ராஜகோபால ஐயங்காரும் ஒருவர். இதில் வேடிக்கை என்னவென்றால், 1956-லேயே அஜ்மீர் ராஜஸ்தானோடு சேர்ந்துவிட்டது. தீர்ப்பு வந்த அன்றைக்கு அந்த எல்லையே கிடையாது! ஆனால் அந்த 'ஈட்டு வரி' வாதம் ஐம்பது வருஷத்துக்கு மேல் எத்தனையோ வரிகளுக்குக் குடை பிடித்தது. 2016 நவம்பரில், ஜிண்டால் வழக்கில், ஒன்பது பேர் அமர்வு அந்த வாதத்துக்கு அரசமைப்பில் ஆதாரமில்லை என்று தள்ளியது. மாநிலங்கள் ஜெயித்த மாதிரிதான் அதுவும். வெளிமாநிலச் சரக்கிடம் பாரபட்சம் காட்டாதவரை, வரி என்பதே 301-க்கு மீறல் ஆகாது என்றது பெரும்பான்மை.

அதற்கு முன்பே, 2010 மே மாதம், டிடி கட்டு ஒழிந்தது. ஒரே தொகையாக வருடம் 15,000 ரூபாய், இந்தியா முழுக்க ஓட்டலாம். எந்தத் தீர்ப்பும் செய்யாததை ஒரு விதித்திருத்தம் செய்தது. 2017-இல் ஜிஎஸ்டி வந்து வாளையார் மாதிரி வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. ஆர்டிஓ சாவடிகள் அப்படியேதான் இருந்தன. அதை மறந்துவிட்டுத்தான் பலரும் கொண்டாடினார்கள்.

டீசல் மட்டும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. அமெரிக்காவில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1983-இல் அரிசோனா, அயோவா, வாஷிங்டன் மூன்றும் ஆரம்பித்தது, இன்று 48 மாநிலங்களிலும் கனடாவின் 10 மாகாணங்களிலும் இருக்கிறது. எங்கே டீசல் அடித்தாலும் சரி, எந்த மாநிலத்தில் எத்தனை மைல் ஓடியது என்று மூன்று மாதத்துக்கொருமுறை கணக்குக் கொடுத்தால், வரியை அதன்படி பிரித்துக்கொள்கிறார்கள். ரோடு தேய்ந்த இடத்துக்குப் பணம் போகிறது. நம்மிடம் டேங்க் நிரம்பிய இடத்துக்குப் போகிறது.

சித்தப்பாவிடம் இப்போது நான்கு வண்டிகள். போன மாதம் ஆபீஸுக்குப் போயிருந்தபோது பழைய டிரைவர் அண்ணன் போன் பண்ணினார்.

"அத்திப்பள்ளி வந்துட்டோமுங்க. இங்கயே ஃபுல் பண்ணிக்கறேன், ஓசூர்ல வேண்டாம்."

"சரி, பில்லை வாங்கி வை," என்றார் சித்தப்பா.