முழங்கால் மூட்டு

முழங்கால் மூட்டு, தொடையெலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் இடம். மனித உடலின் மூட்டுகளில் இதுவே மிகப் பெரியது. மூட்டுச் சவ்வும் வழுவழுப்பான திரவமும் கொண்ட அசையும் மூட்டு வகையைச் சேர்ந்தது. பாடநூல்கள் இதைக் கீல் மூட்டு என்று வகைப்படுத்தினாலும், மடங்குவதோடு ஓரளவு சுழலவும் செய்வதால் திரிந்த கீல் மூட்டு என்பதே பொருத்தம். இடுப்பில் தொடையெலும்பின் தலை ஆழமான குழிக்குள் பொருந்தி நிற்கிறது. முழங்காலில் அப்படி ஒரு குழி இல்லை. உருண்ட இரு முனைகள் ஏறக்குறையத் தட்டையான தளத்தின்மீது அமர்ந்திருக்கின்றன. ஆகவே இந்த மூட்டின் உறுதி பெரும்பாலும் சுற்றியுள்ள நார்களிலிருந்தும் குருத்தெலும்பிலிருந்தும் தசைகளிலிருந்தும் கிடைப்பது. முழங்காலுக்கு வரும் காயம், தேய்மானம், அதற்கான சிகிச்சை ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

எலும்புகள்

உடலின் மிக நீளமான எலும்பான தொடையெலும்பின் கீழ்முனை, உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக இரண்டு குமிழ்களாகப் பிரிகிறது. இவை கீழ்க்கால் உள்ளெலும்பின் மேல்தளத்தில் அமர்ந்து உடலின் எடையை இறக்குகின்றன. மெல்லிய கீழ்க்கால் வெளியெலும்பு இந்த மூட்டில் நேரடியாகச் சேர்வதில்லை. அது சற்றுக் கீழே உள்ளெலும்போடு இணைந்து, வெளிப்பக்க நாருக்குப் பற்றிடமாக இருக்கிறது.

முன்புறம் இருப்பது முழங்கால் சில்லு. தசைநாணுக்குள் உருவாகும் எலும்புகளில் இதுவே மிகப் பெரியது. பிறந்த குழந்தைக்கு இது வெறும் குருத்தெலும்பாக இருக்கும். 3 முதல் 6 வயதுக்குள்தான் எலும்பாக மாறத் தொடங்குகிறது. முன்தொடைத் தசை இழுக்கும் கோட்டை மூட்டின் அச்சிலிருந்து முன்னால் தள்ளி வைப்பது இதன் வேலை. அதனால் குறைந்த விசையிலேயே கால் நீள்கிறது. சில்லை அகற்ற நேர்ந்தவர்களுக்குக் காலை நீட்டும் வலு குறைந்துவிடுகிறது.

குருத்தெலும்பும் மூட்டுத் திரவமும்

எலும்பு முனைகளைப் பளபளப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. சில்லின் பின்புறத்தில் அது மிகத் தடிமனாக இருக்கும். இதற்குள் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நடக்கும்போது அழுத்தப்பட்டு நீரை வெளியேற்றி, அழுத்தம் நீங்கியதும் பஞ்சுபோல மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. உணவும் மூட்டுத் திரவத்தின் வழியாகவே வருகிறது. மூட்டு அசைவது குருத்தெலும்புக்கு நல்லது என்பதற்குக் காரணம் இதுவே. மூட்டுச் சவ்வு சுரக்கும் இத்திரவத்தில் ஹையலுரானிக் அமிலம் உண்டு. நலமான முழங்காலில் இத்திரவம் சில மில்லிலிட்டர்தான் இருக்கும். காயத்தாலோ அழற்சியாலோ அது பெருகும்போது ‘முட்டியில் நீர் கோத்திருக்கிறது’ என்கிறோம்.

பிறைக் குருத்தெலும்புகள்

இரு எலும்புகளுக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு தடித்த குருத்தெலும்புகள் உள்ளன. உருண்ட முனைக்கும் தட்டைத் தளத்துக்கும் இடையிலுள்ள பொருந்தாமையை நிரப்பி, எடையைப் பரப்பில் பகிர்கின்றன. உள்பக்கப் பிறை பக்கவாட்டு நாரோடு ஒட்டியிருப்பதால் எளிதில் நகராது. அதனாலேயே அது அதிகம் கிழிகிறது. பெரியவர்களுக்குப் பிறையின் வெளி ஓரத்துக்கு மட்டுமே இரத்த ஓட்டம் உண்டு. அங்கே ஏற்பட்ட கிழிசல் தைத்தால் கூடும். உள் ஓரத்துக் கிழிசல் எளிதில் ஆறாது. கிழிந்த பிறையை முழுவதுமாக எடுத்துவிடுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. அப்படி எடுத்தபின் மூட்டில் தேய்மான மாற்றங்கள் தோன்றுவதை 1948இல் ஃபேர்பேங்க் எக்ஸ்ரே படங்கள் மூலம் காட்டினார். இயன்றவரை பிறையைக் காப்பாற்றுவதே இன்றைய நெறி.

பிணைநார்கள்

எலும்போடு எலும்பைக் கட்டும் முக்கிய நார்கள் நான்கு. உள்பக்க நாரும் வெளிப்பக்க நாரும் மூட்டு பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கின்றன. மூட்டின் நடுவே ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கும் இரண்டு நார்கள் முன்பின் வழுக்கலைத் தடுக்கின்றன. கீழ்க்கால் எலும்பு முன்னால் நகராமல் காப்பது முன் குறுக்கு நார். விளையாட்டு வீரர்கள் ஏசிஎல் என்று சொல்வது இதைத்தான். பின்னால் நகராமல் காப்பது பின் குறுக்கு நார். கால்பந்து, கபடி, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் யாரும் மோதாமலே, சட்டெனத் திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ முன் நார் அறுந்துவிடலாம். முழுவதும் அறுந்த நார் தானாகக் கூடுவது அரிது. வேறொரு தசைநாணை எடுத்துப் புதிய நாராகப் பொருத்துகிறார்கள்.

தசைகளும் அசைவும்

நான்கு பகுதிகளைக் கொண்ட முன்தொடைத் தசை காலை நீட்டுகிறது. பின்தொடைத் தசைகள் மடக்குகின்றன. தானாக மடக்கும்போது சுமார் 140 பாகை வரை செல்லும் மூட்டு, குந்தி உட்காரும்போது அதையும் தாண்டுகிறது. முழுவதும் நீளும் கடைசிக் கட்டத்தில் எலும்புகள் சற்றே சுழன்று பூட்டிக்கொள்வதால், தசைகளுக்கு அதிக உழைப்பின்றி நெடுநேரம் நிற்க முடிகிறது. மீண்டும் மடக்க, முழங்காலின் பின்குழியிலுள்ள சிறு தசை ஒன்று அந்தப் பூட்டைத் திறக்கிறது. சில்லுக்குக் கீழே தட்டினால் கால் துள்ளும் அனிச்சைச் செயலை 1875இல் எர்ப், வெஸ்ட்பால் என்னும் ஜெர்மானிய மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தனர். முதுகுத்தண்டு நரம்புகளைச் சோதிக்க இன்றும் அது பயன்படுகிறது.

வளர்ச்சி

நடக்கத் தொடங்கும் குழந்தையின் கால்கள் வெளிப்புறம் வில்லாக வளைந்திருப்பதும், 3 அல்லது 4 வயதில் முழங்கால்கள் உள்நோக்கி முட்டுவதும் பெரும்பாலும் இயல்பே. 7 அல்லது 8 வயதுக்குள் இவை நேராகிவிடும். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தாலோ வளைவு கூடிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தேய்மானமும் சிகிச்சையும்

வயது, உடல் எடை, பழைய காயம், மரபு ஆகியவை மூட்டுத் தேய்மானத்துக்கு வழிவகுக்கின்றன. சேதமடைந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்பதை லண்டனில் வில்லியம் ஹன்டர் 1743இலேயே எழுதினார். குருத்தெலும்புக்கு நரம்பு இல்லாததால், வலி அதன் அடியிலுள்ள எலும்பிலிருந்தும் சவ்விலிருந்தும் எழுகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் நோயாளி உணரும் வலியும் எப்போதும் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம். உடல் எடை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மீது விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. முன்தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி வலியையும் தணிக்கிறது, நடையையும் சீராக்குகிறது.

மூட்டுக்குள் கருவியைச் செலுத்திப் பார்க்கும் முறைக்கு 1918இல் டோக்கியோவில் கென்ஜி தகாகி வழி காட்டினார். இன்றைய முழங்கால் மாற்று அறுவைக்கு முன்மாதிரியான செயற்கை மூட்டை 1970களில் நியூயார்க்கில் இன்சால், ரணாவத், வாக்கர் ஆகியோர் உருவாக்கினர். அதில் தேய்ந்த பரப்புகள் மட்டுமே உலோகத்துக்கும் பாலிஎத்திலீனுக்கும் இடம் கொடுக்கின்றன. பக்கவாட்டு நார்கள் நோயாளியுடையவையாகவே நீடிக்கின்றன. அவற்றின் இறுக்கத்தை இருபுறமும் சமப்படுத்துவது அறுவை மருத்துவரின் முக்கியமான வேலைகளுள் ஒன்று. புதிய மூட்டோடு எவ்வளவு நன்றாக நடக்க முடியும் என்பதில் அறுவைக்குப் பிந்தைய தசைப் பயிற்சிக்கும் பெரும் பங்குண்டு.